புதுப்பிப்பு: வலியே இல்லாத அப்பாவுக்கு ஸ்டென்ட் வேண்டுமா?

மூன்று மாதத்துக்கு முன் கேட்டிருந்தேன்: காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் அப்பாவுக்கு வயது 64, பதினைந்து வருடச் சர்க்கரை. நெஞ்சுவலி, மூச்சிரைப்பு எதுவும் கிடையாது. டிரெட்மில் டெஸ்ட் சரியில்லை என்று ஒரு டாக்டர் உடனே ஸ்டென்ட் (அடைத்த இதயக் குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) என்றார்.

இன்னொரு டாக்டரிடமும் காட்டினோம். ஆஞ்சியோவில் (இதயக் குழாய்களைப் படமெடுக்கும் டெஸ்ட்) ஒரு கிளைக் குழாயில் 70 சதவீத அடைப்பு. இதயத்தின் இடது பக்கக் கிளைகள் பிரியும் முதன்மைக் குழாய் சுத்தம், இதயத்தின் பம்பிங்கும் நன்றாக இருந்தது. "இந்த இரண்டும் மோசமாக இருந்தால் பேச்சே வேறு" என்றார். 2020-இல் வெளியான 'இஸ்கீமியா' என்ற இதய ஆய்வில் 5,179 பேர்; முதலிலேயே ஸ்டென்ட், பைபாஸ் பக்கம் போனவர்களுக்கு, மருந்தோடு தொடங்கியவர்களைவிடச் சாவு குறையவில்லையாம். ஸ்டென்ட் வலியைக் குறைக்கும். அப்பாவுக்குத்தான் வலியே இல்லையே! ஆனால் சர்க்கரை நரம்பைக் கெடுத்து வலியை மறைக்கலாம். திடீர்க் களைப்பு, வியர்வை வந்தால் உடனே வரச் சொன்னார்.

சரி, இப்போதைக்கு ஸ்டென்ட் இல்லாமல் மருந்துதான்: ஆஸ்பிரின், கொழுப்பைக் குறைக்கும் அடோர்வாஸ்டாடின், பிரஷர் மாத்திரை. கெட்ட கொழுப்பு 138-லிருந்து 81. எழுபதுக்குக் கீழே வரவேண்டும்.

உண்மையான தொல்லை அப்பாதான். "ஒண்ணுமே இல்லாதவனுக்கு எதுக்குடா இத்தனை மாத்திரை?" துவைக்கும்போது சட்டைப் பையில் கரைந்த மாத்திரைகளை அம்மா பிடித்துவிட்டார். இப்போது ராத்திரி மாத்திரை விழுங்கினால்தான் களிக்குக் குழம்பு ஊற்றுகிறார்.