பழம் பற்றிப் பெரியவங்க சொன்னதில் எதை வச்சுக்கலாம், எதை விடணும்?

கேள்வி (களியக்காவிளை):
சக்கை (பலாப்பழம்) சீசன் முடியுமுன்னே வரட்டி (பலாச்சுளையை வெல்லத்தோட கிண்டுற இனிப்பு) கிண்டி ஓணம் வரைக்கும் வைக்கணும். ஓணத்துக்கு நாலு ஏத்தன் (நேந்திரன் வாழை) குலையும் பழுக்க வைக்கணும், கார்பைடு இல்லாம. வீட்டுப் பெரியவங்க சொல்றது: மாம்பழத்தைத் தண்ணியில ஊறப்போடு, அணில் கடிச்சதுதான் இனிப்பு, சக்கை தின்னா தண்ணி குடிக்காதே, வரட்டியில பூஞ்சை பூத்தா மேலாக வழிச்சுட்டுத் தின்னலாம். இதுல எது சரி, ஏன்?

பதில் (மார்த்தாண்டம்):
குலைக்குப் பழைய புகை மூட்டமே போதும். காயின் விளிம்பு உருண்டு மூப்பு வந்த குலையா எடுங்க. இளசா வெட்டினது எப்படி மூட்டம் போட்டாலும் ஒண்ணுபோல பழுக்காது. குழியில வாழைச்சருகு விரிச்சு குலையை அடுக்கி, ஓரமா மண்சட்டியில சிரட்டையும் தொண்டும் (தேங்காய் மட்டை) கனல் போட்டு, சருகால மூடி மண் பூசுங்க. தீ எரியக்கூடாது, புகை மட்டும்தான். 18 முதல் 24 மணி நேரம் கழிச்சுத் திறந்து, காத்தாட ரெண்டு நாள் தொங்கவிட்டா நிறம் வரும். புகையில இருக்கிற எத்திலீன்ங்கிற வாயுதான் பழுக்க வைக்கிற வேலையைச் செய்யுது. சூடு கூடினா பழம் சரியா பழுக்காது. திறந்ததும் குழிக்குள்ள தலையை விடாதீங்க. அதே புகையில கார்பன் மோனாக்சைடும் உண்டு, ஆளை மயக்கிடும்.

கார்பைடைத் தள்ளினது சரி. அதிலிருந்து வர்ற அசிட்டிலீன் வாயுவோட ஆர்சனிக், பாஸ்பரஸ் எச்சமும் சேரும், சட்டப்படியே தடை. ஆனா காம்பு பச்சையா, பழம் மஞ்சளா இருந்தா கார்பைடுன்னு முடிவு கட்டிடாதீங்க. அனுமதிச்ச எத்திலீன் அறையில 16–18 டிகிரியில பழுத்த வாழையும் அப்படித்தான் இருக்கும்.

பதில் (குலசேகரம்):
அணில் கடிச்சது இனிக்கும்ங்கிற பேச்சை நம்ம பக்கத்துல விட்டே ஆகணும். கடிச்சது அணிலா வவ்வாலான்னு பழத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. 2018 மே மாசம் கோழிக்கோட்டுலயும் மலப்புறத்துலயும் நிபா வைரஸ் காய்ச்சல் வந்தது. அந்த வைரஸை இயற்கையில சுமக்கிறது பழந்தின்னி வவ்வால். நகக்கீறல் இருந்தாலும் முழுப்பழமும் வேண்டாம், கடிச்ச இடத்தை மட்டும் வெட்டி எறிஞ்சா போதாது. கீழே விழுந்ததைப் பொறுக்கினா சோப்பு போட்டுக் கை கழுவுங்க. அக்கானி (பதநீர்) இறக்குறவங்க கலயத்தோட வாயையும் மூடணும்: பங்களாதேஷ்ல ஈச்சம்பதநீர் வழியாத்தான் பலருக்குத் தொத்திச்சு.

மாம்பழத்தை ஊறப்போடுறது நல்ல வழக்கம். காம்புல வடியுற பால் தோல்ல ஒட்டினா உதடு வெந்துபோகும். பறிக்கும்போது ஒரு விரல்கடை காம்பு விட்டுப் பறிச்சு, பால் வடியக் கவிழ்த்து வைங்க. தின்னும்முன் அரைமணி நேரம் ஊறவச்சுத் தேய்ச்சுக் கழுவுங்க. கழுவி ஈரத்தோட அடுக்கி வைச்சா காம்படியில அழுகும்.

சக்கைக்கும் தண்ணிக்கும் பகை இல்லை, கூடுதலா தின்னா வயிறு உப்பும், அவ்வளவுதான். காலராவுக்கே பழத்தைக் குத்தம் சொன்ன காலம் இருந்தது. 1854-ல லண்டன்ல டாக்டர் ஜான் ஸ்நோ ஆராய்ஞ்சப்போ குத்தவாளி பிராட் தெரு அடிகுழாய்த் தண்ணின்னு தெரிஞ்சது. நறுக்கின பழத்து மேல தெளிக்கிற தண்ணியைத்தான் இன்னைக்கும் சந்தேகப்படணும்.

பதில் (திற்பரப்பு):
வரட்டி கணக்கு: கொட்டை நீக்கின சுளை 1 கிலோவை வேகவச்சு அரைங்க. 750 கிராம் வெல்லத்தைப் பாகாக்கி வடிகட்டி உருளியில (வாயகன்ற பித்தளைப் பாத்திரம்) சேர்த்துக் கிண்டணும். நெய் 100 கிராம், கொஞ்சம் கொஞ்சமா. கரண்டியால கோடு போட்டா மூடாம நிக்கணும், ஓரம் விட்டுச் சுருண்டு வரணும். அதுக்கு முன்னே இறக்கினா உள்ளே ஈரம் நின்னு புளிக்கும். பெரும்பாலும் கெடுறது இங்கேதான். சுக்குப்பொடி கடைசியில. நல்லா ஆறினபிறகு, வெயில்ல காயவச்ச பரணியில (ஊறுகாய் ஜாடி) அடைங்க. சூடா மூடினா மூடியில நீர் கோத்து உள்ளே சொட்டும். ஈரக்கரண்டி கூடவே கூடாது.

வரட்டியை உருளியிலேயே ராத்திரி விடாதீங்க. ஈயம் பூசாத பித்தளையில மாங்காய், நெல்லிக்காய் மாதிரிப் புளிப்பு எதையும் வைக்கவே வேண்டாம், களிம்பு ஏறும். நீங்க எழுதலைன்னாலும் இதையும் பெரியவங்க சொல்லுவாங்க, அது உறுதியா சரி.

கேள்வி கேட்டவர்:
நன்றி அண்ணே. வரட்டி பூத்துட்டா வழிச்சுட்டுத் திரும்பக் கொதிக்க வைக்கலாமா?

பதில் (திற்பரப்பு):
வேண்டாம் தம்பி. மேலே தெரியுறது பூ மட்டும்தான், இழை அடிவரைக்கும் ஓடியிருக்கும். பூஞ்சை சில நேரம் விடுற நஞ்சு கொதியில போகாது. பரணியில இருக்கிறதை முழுசும் கொட்டிட்டு, பரணியைச் சுடுதண்ணியில கழுவி வெயில்ல காய வைங்க.