புள்ளி சேர்ந்தால் படிப்பு சேர்ந்ததா? தாதியர் சான்றிதழ் புதுப்பிப்பு பற்றி ஒரு வாக்குவாதம்

இரவுஷிப்ட்_மலர்:
சிங்கப்பூரில் தாதியாக வேலை செய்ய அனுமதிக்கும் பிராக்டிசிங் சர்டிஃபிகேட்டைப் புதுப்பிக்கும் நேரம் நெருங்குகிறது. நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் (பெயர் வேண்டாம்) இப்போது எல்லாரும் சிபிஇ புள்ளி, அதாவது தொடர்கல்விப் புள்ளி, பொறுக்கிக்கொண்டிருக்கிறோம். என்ன பாடம் என்று யாரும் கேட்பதில்லை. எத்தனை புள்ளி என்பதுதான் கேள்வி. நைட் ஷிப்ட் முடித்து அறைக்கு வருகிறவர்கள் லேப்டாப்பில் காணொளியை ஓடவிட்டுக் குளிக்கப் போகிறார்கள், துணி துவைக்கிறார்கள், திரும்பி வந்து "அடுத்து, அடுத்து" என்று அழுத்துகிறார்கள். கடைசியில் வரும் கேள்விகளுக்கு விடை வாட்ஸ்அப் குழுவில் ஏற்கெனவே தயாராக இருக்கிறது. சான்றிதழ் இறங்கியதும் ஒரு ஸ்கிரீன்ஷாட், முடிந்தது கதை.

இதனால் எந்தப் பாட்டியின் புண் சீக்கிரம் ஆறியது? உட்கார்ந்த நேரத்தைத்தான் எண்ணுகிறார்கள், கற்றதை இல்லை. கட்டாயத்தை எடுத்துவிட்டு, வார்டில் வந்து எங்கள் கையைப் பார்க்கட்டும் என்கிறேன்.

பழைய_மிஸ்ஸி:
மலர், நீ சொல்லும் காட்சி உண்மைதான். அதிலிருந்து நீ எடுத்த முடிவுதான் தப்பு.

நான் பயிற்சி பெற்ற காலத்தில், படுத்த படுக்கையாக இருப்பவரின் குதிகால் சிவந்தால் ஸ்பிரிட் தொட்டு நன்றாகத் தேய்த்துவிடச் சொல்லிக் கொடுத்தார்கள். அப்புறம் மேலே பவுடர். சிஸ்டர் பின்னால் நின்று "இன்னும் அழுத்தி" என்பார். இன்றைக்கு முதலாண்டு மாணவிக்குக்கூடத் தெரியும், சிவந்த இடத்தைத் தேய்க்கவே கூடாது. தோலுக்கு அடியில் இருக்கும் திசு ஏற்கெனவே நசுங்கிப் போயிருக்கிறது, தேய்த்தால் இன்னும் கெடும். கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்துக் குதிகால் மெத்தையில் படாமல் மிதக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனாலும் ஒரு சீனியர் லோஷன் போட்டுக் குதிகாலைத் தேய்ப்பதைச் சமீபத்தில்கூடப் பார்த்தேன். அன்பாகத்தான் தேய்த்தார். இருபது வருட அனுபவம் வேறு.

யாரும் கட்டாயப்படுத்தாமல் அவர் எப்போது வகுப்புக்குப் போயிருப்பார்?

தஞ்சை_டு_யீஷூன்:
அக்கா, உங்களுக்கு ஒரு கணக்கு. என் மாதிரி ஊரிலிருந்து வந்தவனுக்கு இரண்டு. இங்கே சிங்கப்பூர் தாதியர் வாரியத்துக்குப் புள்ளி, ஊரில் தமிழ்நாடு கவுன்சில் பதிவுக்கு மணி நேரம். இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும், அதற்கு 150 மணி நேரம், அதாவது ஆண்டுக்கு 30. ஊர்ப் பதிவு போனால் போகட்டும் என்று விட்டுவிடவும் முடியாது. எஸ் பாஸ் (இங்கே வேலை செய்யும் அனுமதி) எப்போது முடியும் என்று யாருக்குத் தெரியும்? வீட்டிலும் "நாளைக்குத் திரும்பி வந்தா என்னடா பண்ணுவ" என்பார்கள்.

மலர் சிஸ்டர் பக்கம்தான் நான். ஒரு நியாயம் கேட்கிறேன். ஆஸ்திரேலியாவில் ஆண்டுக்கு 20 மணி நேரம். கலிஃபோர்னியாவில் இரண்டு ஆண்டுக்கு 30. நியூயார்க்கில் தொற்றுத் தடுப்பு மாதிரி ஒன்றிரண்டு குறிப்பிட்ட பயிற்சி தவிரப் பொதுவான மணிக்கணக்கே கிடையாது. நியூயார்க் நர்ஸுக்கு ஊசி போடத் தெரியாதா? எந்த எண்ணை வேண்டுமானாலும் வைக்கலாம் என்றால் அந்த எண்ணில் என்ன அறிவியல் இருக்கிறது?

பழைய_மிஸ்ஸி:
தம்பி, நெடுஞ்சாலையில் வேக வரம்பும் நாட்டுக்கு நாடு மாறுகிறது. அதற்காக வரம்பே வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. இருபதா முப்பதா என்பது பேரம் பேச வேண்டிய விஷயம். பூஜ்யம் என்பது வேறு விஷயம். நியூயார்க்கில் அரசாங்கம் கேட்கவில்லை என்றால் மருத்துவமனை கேட்கும். அங்கே மட்டும் ஒருத்தி பட்டம் வாங்கிய நாளோடு படிப்பை மூட்டை கட்டிவிட முடியும் என்றா நினைக்கிறாய்?

அம்மாவுக்கு_டயாலிசிஸ்:
நான் தாதி இல்லை, குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். அம்மாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். ஊசி குத்தும் தாதிக்கு எத்தனை புள்ளி என்று நான் கேட்டதில்லை. ஆனால் தூங்காமல் வந்து குத்துகிறாரா என்று முகத்தைப் பார்ப்பேன். நைட் முடித்து வந்து காணொளி பார்த்துவிட்டுத் திரும்ப வேலைக்கு வருவார்கள் என்று படித்ததும் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

வகுப்பு_எடுப்பவள்:
நான் தாதியருக்குப் பாடம் நடத்துகிறவள். என்னைப் பார்த்தால் புள்ளி விற்கிறவள் மாதிரிதான் தெரியும், சரி, சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

காணொளிப் பாடத்தைப் பற்றி மலர் சொன்னதை மறுக்கமாட்டேன். ஆனால் ஒரு எடுத்துக்காட்டு. எஸ்ஜிஎல்டி2 வகை நீரிழிவு மாத்திரைகள் இன்று பல முதியோர் இல்லங்களில் இருக்கின்றன. இதைச் சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தச் சர்க்கரை பெரிதாக ஏறாமலேயே கீட்டோஅசிடோசிஸ், அதாவது கீட்டோன் சேர்ந்து ரத்தம் அமிலமாகும் ஆபத்து, வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரித்தது 2015இல். அதற்கு முன் படித்து முடித்தவர் மனத்தில் என்ன இருக்கும்? கீட்டோஅசிடோசிஸ் என்றால் மீட்டரில் எண் எகிறும் என்று இருக்கும். தாத்தா சாப்பிடவில்லை, வாந்தி, மூச்சு வேகமாக வாங்குகிறது, குளுக்கோமீட்டரில் 11 (ஊர்க் கணக்கில் சுமார் 200). "சர்க்கரை பரவாயில்லையே" என்று சார்ட்டில் எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். கீட்டோன் பார்க்க வேண்டும் என்று தோன்றவே தோன்றாது. இது அனுபவத்தால் வருகிற அறிவு இல்லை. யாராவது சொல்லித்தான் வரும்.

அதனால் கட்டாயம் வேண்டும் என்பதில் மிஸ்ஸி அக்கா பக்கம். எண்ணுகிற முறைதான் எனக்கும் பிடிக்கவில்லை. பிரிட்டனில் 2016 ஏப்ரலில் கொண்டுவந்த முறையைப் பாருங்கள். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பு. 450 மணி நேரம் வேலை செய்திருக்க வேண்டும், 35 மணி நேரம் படித்திருக்க வேண்டும், அதில் 20 மணி நேரமாவது மற்றவர்களோடு சேர்ந்து கற்றதாக இருக்க வேண்டும். தனியாக உட்கார்ந்து பொத்தானை அழுத்திக்கொண்டே ஒப்பேற்ற முடியாது. கூடவே, வேலையில் என்ன நடந்தது, அதிலிருந்து என்ன மாற்றிக்கொண்டேன் என்று ஐந்து குறிப்புகள் எழுதி, இன்னொரு நர்ஸோடு உட்கார்ந்து பேச வேண்டும்.

தஞ்சை_டு_யீஷூன்:
அந்த ஐந்து குறிப்பையும் இப்போது ஏஐ ஐந்து நிமிடத்தில் எழுதிக் கொடுத்துவிடும் சிஸ்டர். லண்டனில் இருக்கும் என் பேட்ச்மேட்டைக் கேட்டால் சிரிக்கிறான்.

வகுப்பு_எடுப்பவள்:
எழுதிக் கொடுக்கும். எதிரே உட்கார்ந்திருப்பவர் "அப்புறம் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால் ஏஐ வந்து பதில் சொல்லாது. இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்கும் பிசிஎல்எஸ் பயிற்சியை எதற்கு யாரும் ஏமாற்றுவதில்லை? இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பொம்மையின் முன் முட்டி போட வேண்டும். 30 அழுத்தம், 2 மூச்சு, நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகம். மூன்றாவது சுற்றிலேயே கை தளர்வது எல்லாருக்கும் தெரிகிறது. நெஞ்சு முழுதாக மேலே எழும்ப விடாமல் சாய்ந்தபடியே அழுத்துகிறவரைத் தோளைத் தொட்டு நிமிர்த்துவேன். இதற்கு வாட்ஸ்அப்பில் விடை கிடையாது.

இரவுஷிப்ட்_மலர்:
பொம்மை வகுப்பைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லையே. அதற்குப் போகப் பிடிக்கும். என் கேள்வி நேரம், காசு இரண்டும் யாருடையது என்பது.

ஆஃப் டேயில்தான் வகுப்பு வைக்கிறார்கள். அந்த ஒரு நாளில்தான் தேக்காவுக்குப் போய் வாரச் சாமான் வாங்க வேண்டும், ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டும், பிள்ளையோடு வீடியோவில் பேச வேண்டும். வகுப்புக் கட்டணத்துக்கு அரசாங்கம் தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கிரெடிட் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அது 25 வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூரர்களுக்கு. முதலில் 500 வெள்ளி, 2024 மே மாதத்திலிருந்து 40 வயதானவர்களுக்கு இன்னும் 4,000. சந்தோஷம். ஆனால் எங்களுக்கு அது இல்லை. கட்டண வகுப்பு என்றால் சொந்தக் காசு, இலவசம் என்றால் அந்தக் காணொளி. அப்படித்தான் எல்லாரும் காணொளிக்கு வந்து சேர்கிறோம், சோம்பேறித்தனத்தால் இல்லை.

பழைய_மிஸ்ஸி:
இதைத்தான் முதல் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டும் நீ. "கட்டாயத்தை எடு" என்று எழுதியதால்தான் நான் சண்டைக்கு வந்தேன். விடையை வாட்ஸ்அப்பில் போட்டது வாரியம் இல்லை. ஆஃப் டேயில் வகுப்பு வைத்ததும் வாரியம் இல்லை. உன் ரோஸ்டரை எழுதுகிறவர் வைத்தது. கோபத்தை அங்கே கொண்டு போ.

இன்னொன்றும் சொல்கிறேன், பிடிக்காவிட்டாலும் பரவாயில்லை. கட்டாயம் போய்விட்டால் உங்கள் மேனேஜ்மென்ட் தான் முதலில் கைதட்டும். இப்போது சான்றிதழ் புதுப்பிக்காமல் போனால் ஆளை ஷிப்டில் நிறுத்த முடியாதே என்ற பயத்திலாவது வகுப்பு வைக்கிறார்கள். அந்தப் பயமும் இல்லாவிட்டால் உனக்கு வகுப்பும் கிடையாது, ஆஃப் டேயில் வேறு வேலைக்குக் கூப்பிடுவார்கள்.

தஞ்சை_டு_யீஷூன்:
இது மட்டும் கொஞ்சம் உறைக்கிறது அக்கா. ஆனாலும் இரண்டு நாட்டுக்கும் தனித்தனியாக ஒரே கைகழுவும் பாடத்தை எடுக்க வேண்டியிருப்பதை நான் நியாயம் என்று ஒப்புக்கொள்ளமாட்டேன்.

பழைய_மிஸ்ஸி:
ஒப்புக்கொள்ள வேண்டாம். எனக்கும் அது நியாயமாகப் படவில்லை.

இரவுஷிப்ட்_மலர்:
அக்கா, மேனேஜ்மென்டைக் கேட்பது உங்களுக்குச் சுலபம். எஸ் பாஸ் அவர்கள் கையில் இருக்கும்போது என்னால் சண்டை போட முடியாது. கேட்க முடிந்தது ஒன்றுதான்: மாதம் ஒருமுறை, ஷிப்ட் மாறும் நேரத்தில், பணி நேரத்துக்குள்ளேயே ஒரு மணி நேரம். கட்டில் பக்கத்தில் நின்று புண் கட்டுவது, நீங்கள் சொன்ன அந்த மாத்திரை விஷயம், இப்படி. வகுப்பு எடுக்கும் சிஸ்டர், அதற்குப் புள்ளி வாங்க என்ன செய்ய வேண்டும்?

வகுப்பு_எடுப்பவள்:
முதலில் தலைப்பு, நேரம், நடத்துகிறவர் தகுதி, வந்தவர் கையெழுத்து இவற்றைத் தாளில் வைத்துக்கொள்ளுங்கள். தாளில் இல்லாத வகுப்புக்கு யாரும் புள்ளி தரமாட்டார்கள். மீதியைத் தனிச்செய்தியில் எழுதுகிறேன். உங்கள் நர்ஸ் மேனேஜரிடம் வாய்மொழியாகக் கேட்காதீர்கள், மின்னஞ்சலில் கேளுங்கள்.

பழைய_மிஸ்ஸி:
தனியாக அனுப்பாதே, உன் ஷிப்டில் இருக்கும் எல்லார் பெயரும் போட்டு அனுப்பு.