கலெக்டர் லீவு சொல்லல, காத்து மட்டும் அடிக்குது: நாளைக்கு பிள்ளைங்கள அனுப்புறதா வேணாமா?

தங்கச்சிமடம்காரி (கேள்வி, ராத்திரி 9.40)

எல்லாருக்கும் வணக்கம். நாங்க இருக்குறது ராமேஸ்வரம் தீவுல தங்கச்சிமடம். நேரா விஷயத்துக்கு வந்துடுறேன். சாயந்திரத்துல இருந்து வாடைக்காத்து ஜன்னல போட்டு அடிக்குது, கரண்ட் மூணு தடவ போயிட்டு வந்துருச்சு, நாளைக்கு கடலுக்குப் போக டோக்கன் (அனுமதிச் சீட்டு) இல்லன்னு சொல்லிட்டாங்கன்னு வீட்டுக்காரரு படகக் கட்டிட்டு வந்து உக்காந்துட்டாரு. ஆனா ஸ்கூல் லீவுன்னு மட்டும் இன்னும் ஒரு வார்த்தையும் வரல.

எனக்கு ரெண்டு பிள்ளைங்க. பெரியவன் எட்டாவது, பாம்பன் பாலத்துக்கு அங்கிட்டு ராமநாதபுரத்துல படிக்கிறான், வெள்ளன ஆறே காலுக்கெல்லாம் வேன் வந்துரும். சின்னவ ரெண்டாவது, இங்கனயே தெருவத் தாண்டி அடுத்த தெரு.

பிரச்சன என்னன்னா போன மாசம் இதே மாதிரி ஒரு நாள், லீவு இல்ல சரின்னு பெரியவன வேன்ல ஏத்தி விட்டுட்டேன், ஏழே காலுக்கு போன்ல மெசேஜ் வருது இன்னைக்கு லீவாம், அப்ப வேன் பாலத்த தாண்டிருச்சு. திரும்பி வந்து இறங்குறப்ப ஒம்போதரை மணி, வேன் ஜன்னல் மூட மாட்டேங்குதுன்னு இவன் பைய வச்சு அடச்சிருக்கான், புக்கு அத்தனையும் நனஞ்சு போச்சு. ஃபேனுக்கு அடியில விரிச்சு போட்டு காய வச்சேன், சமூக அறிவியல் புக்கு இன்னும் பொரிச்ச அப்பளம் மாதிரிதான் இருக்கு. அடுத்த வாரமே திரும்ப காத்து ஏறுச்சு, நம்ம இந்த தடவ ஏமாற வேணாம்னு ரெண்டையும் வீட்ல நிறுத்திட்டேன், பத்து மணிக்கு சுள்ளுன்னு வெயில்! மிஸ் போன் போட்டு "மத்த பிள்ளைங்கல்லாம் வந்துருக்கே மேடம்"னு இழுக்குறாங்க. எனக்கு மூஞ்சிய எங்க வச்சுக்கிறதுன்னு தெரியல.

வீட்லயும் ரெண்டு கட்சி. மாமியார் தனுஷ்கோடில பிறந்தவங்க, 1964 புயல் அப்ப ஏழு வயசு, காத்து ஏறுன அன்னைக்கு பிள்ளை வாசப்படி தாண்டக்கூடாதுன்னு ஒத்தக் கால்ல நிப்பாங்க. வீட்டுக்காரரு, நான் அஞ்சாப்போட நின்னு வல இழுக்குறது போதும், அவன் ஒரு நாளும் கெடக்கூடாதும்பாரு. அடுத்த வாரம் அரையாண்டு வேற. நீங்கல்லாம் எத வச்சு முடிவு பண்றீங்க? சொல்லுங்க, வேன்காரருக்கு பத்தரைக்குள்ள சொல்லணும்.

---

வடகடல்காரன்

தங்கச்சி, உங்க வீட்டுக்காரரு கிட்டயே பாதி பதில் இருக்கு, டோக்கன் நிறுத்திட்டாங்கன்னா காத்து சும்மா இல்லன்னு அர்த்தம். அதுக்காக டோக்கன் நிறுத்துன நாளெல்லாம் பிள்ளைய நிறுத்துனா ஐப்பசி கார்த்திகைல ஸ்கூல் பக்கமே போக முடியாது, அதையும் சொல்லிடுறேன்.

எங்க வீட்ல நான் பாக்குறது மழைய இல்ல. மழை பெஞ்சா நனையும், துவட்டிக்கலாம். நான் பாக்குறது பாலம். ரோட்டுப் பாலம் ரெண்டு கிலோமீட்டருக்கு மேல நீளம், நடுவுல நல்ல ஒசரம், மறைவுக்கு ஒரு மரம் கிடையாது, வாடை அடிச்சா வடகடல்ல இருந்து நேரா வேனோட விலாவுல வந்து மோதும். பழைய ரயில் பாலத்துல ரயில் ஓடிட்டிருந்தப்ப காத்து மணிக்கு 58 கிலோமீட்டர் வேகத்த தாண்டுனா சிக்னலே விழாம, ரயில் ரெண்டு முனையிலயும், மண்டபத்துலயும் பாம்பன்லயும், நின்னு கெடந்துச்சு, அது உங்களுக்கே தெரியும். இரும்பு ரயிலுக்கே அப்படின்னா இருவது பிள்ளைங்க ஏத்துன தகர வேனுக்கு யாரு சிக்னல் போடுறது? டிரைவர் மனசுதான் சிக்னல். அதனால நான் முதல்ல டிரைவருக்குத்தான் போன் போடுவேன், "நீங்க உங்க பிள்ளைய ஏத்திட்டு போவீங்களா"ன்னு ஒரே கேள்வி.

அப்புறம் புயல் எச்சரிக்கை கூண்டு. பாம்பன்ல கூண்டு ஏத்திட்டாங்கன்னு வாட்ஸப்ல போட்டோ வந்தாலே சனம் பதறுது. 1ஆம் நம்பர்னா எங்கயோ தூரத்துல காத்தழுத்தத் தாழ்வு உருவாயிருக்குன்னு படகுக்காரங்களுக்கு சொல்றது, அதுக்கு ஸ்கூல் லீவு எதுக்கு? 3 ஏறுனா நம்ம துறைமுகத்துக்கே திடீர்க் காத்தும் மழையும் வரும்னு அர்த்தம், அப்ப பாலம் தாண்டுற பிள்ளைய நான் அனுப்ப மாட்டேன். சின்னதுக்கு அப்படி இல்ல, அடுத்த தெருதானே, மதியம் வானம் கறுத்தா ஓடிப்போய் தூக்கிட்டு வந்துரலாம். ரெண்டு பேருக்கும் ஒரே முடிவு எடுக்கணும்னு யாரு சொன்னா?

---

உரச்சாக்கு

நாங்கல்லாம் உரச்சாக்க கொங்காணி போட்டுக்கிட்டு நாலு கிலோமீட்டர் நடந்து போனோம். இப்ப நாலு சொட்டு விழுந்தா லீவு, வெயிலடிச்சா லீவு. நல்லா வளரும் பிள்ளைங்க.

---

தங்கச்சிமடம்காரி

@உரச்சாக்கு அண்ணே நீங்க நடந்த ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் கடலா இருந்துச்சு? 🙏

---

சாக்பீஸ்டீச்சர்

நான் பரமக்குடி பக்கம் வேல பாக்குற டீச்சர், முன்னாடி மண்டபம் பக்கம் ஆறு வருசம் இருந்துட்டேன், அதனால ரெண்டு பக்கமும் தெரியும்.

லீவு ஏன் லேட்டாகுதுன்னு எல்லாரும் கலெக்டர திட்டுறீங்க. ஒரு விஷயம் யோசிங்க, நம்ம மாவட்டம் ஒரு பக்கம் தொண்டி, ஒரு பக்கம் சாயல்குடி, உள்ள கமுதி முதுகுளத்தூர், அங்கிட்டு ராமேஸ்வரம் தீவு. தீவுல ஊத்துறப்ப பரமக்குடில நான் துணி காயப்போட்டிருப்பேன். ராத்திரி முடிவெடுத்தா "மழையே இல்ல எதுக்கு லீவு"ம்பாங்க, காலைல மழைய பாத்துட்டு சொன்னா "வேன் கிளம்பிருச்சு"ம்பாங்க. சில நேரம் தாலுகா அளவுல மட்டும் லீவு விடுவாங்க, அது சரிதான், ஆனா நம்ம பிள்ளை ஒரு தாலுகாவுல தூங்கி இன்னொரு தாலுகாவுல படிக்குதே, அதுக்கு எந்த ஆர்டர்லயும் வழி இல்ல. உங்க பெரியவன் கேஸ் அதுதான்.

வானிலை ஆபீஸ் சொல்ற வார்த்தைகளயும் கொஞ்சம் பிரிச்சு கேளுங்க. கனமழைன்னா ஒரு நாளைக்கு 7ல இருந்து 11 சென்டிமீட்டர், மிக கனமழைன்னா 12ல இருந்து 20, அதுக்கு மேல போனா அதிகனமழை. டிவில மூணுக்கும் ஒரே சிவப்பு கலர்ல ஒரே மியூசிக்க போட்டு அடிக்கிறான். வெறும் "கனமழை வாய்ப்பு"ன்னா நான் என் பொண்ண அனுப்பிருவேன். "மிக கனமழை"ன்னு வந்து கூட பலத்த காத்துன்னும் இருந்தா யோசிப்பேன்.

ஆனா இதையும் முழுசா நம்ப முடியல, 2024 நவம்பர் 20 ஞாபகம் இருக்கா? பாம்பன்ல பதினொன்றரைல இருந்து ரெண்டரைக்குள்ள மூணே மணி நேரத்துல 19 சென்டிமீட்டர், ராமேஸ்வரத்துல அன்னைக்கு மொத்தம் 40க்கு மேல. மேகவெடிப்புன்னாங்க. அன்னைக்கு காலைல எட்டு மணிக்கு வானத்த பாத்து யாரும் இத சொல்லிருக்க முடியாது. அதுக்கு நேர் எதிரா 2020 டிசம்பர்ல புரெவி, பாம்பன தாண்டிரும் தாண்டிரும்னு உசுர கைல பிடிச்சிட்டு இருந்தோம், அது மன்னார் வளைகுடாவுலயே நகராம நின்னு வலுவிழந்து போச்சு (அந்த வருசம் கொரோனாவுல ஸ்கூலே இல்ல, அதனால லீவு சண்ட மட்டும் மிச்சம்).

அதனால நான் பாக்குறது காலைல போறத இல்ல, சாயந்திரம் வர்றத. காலைல எப்படியும் கொண்டு போய் சேத்துருவாங்க. மதியம் ரெண்டு மணிக்கு தண்ணி ஏறிருச்சு, பாலத்துல வண்டி விடலன்னா உங்க பிள்ள அங்கிட்டு யார் வீட்ல தங்கும்? ராமநாதபுரத்துல ஒரு சித்தி, அத்த இருந்தா அவங்க நம்பர டைரில எழுதி குடுத்து தைரியமா அனுப்புங்க. யாரும் இல்லன்னா நிறுத்திக்கங்க. மண்டபத்துல வேல பாத்தப்ப ஒரு நாள் தீவுப் பிள்ளைங்க பதினோரு பேர வச்சுக்கிட்டு ராத்திரி ஏழரை வரைக்கும் ஸ்டாஃப் ரூம்ல உக்காந்திருந்தேன், பிஸ்கட் பாக்கெட் தீந்து போச்சு, ஒரு பொண்ணு அழுகவே இல்ல, ஜன்னல் கிட்டயே நின்னு வர்ற வேன் லைட்டயெல்லாம் எண்ணிட்டே இருந்துச்சு. அந்த பிள்ள எண்ணுனது எனக்கு இன்னும் காதுல இருக்கு.

போன் பண்ண அந்த மிஸ் மேல கோவப்படாதீங்க. காலைல எமிஸ்ல (கல்வித்துறையோட ஆன்லைன் பதிவு) வருகைப்பதிவு போடணும், வராத பிள்ள ஏன் வரலன்னு கேக்குறது அவங்க வேல. "காத்து பலமா இருந்துச்சு, பாலம் தாண்ட பயந்து நிறுத்திட்டேன்"னு முந்துன நாள் ராத்திரியே ஒரு மெசேஜ் போட்டுட்டா காலைல போனே வராது.

---

கீழக்கரை_டு_டொராண்டோ

நான் கீழக்கரைக்காரன், இப்ப டொராண்டோல இருக்கேன், இந்த திரட்ட பாத்துட்டு சிரிப்பா வந்துச்சு, ஏன்னா இதே பஞ்சாயத்து இங்க எங்க வீட்ல டிசம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் ஓடும், மழைக்கு பதிலா பனி, அவ்ளோதான்.

இங்க பனி கொட்டுனா பெரும்பாலும் ஸ்கூல மூட மாட்டாங்க, ஸ்கூல் பஸ்ஸ மட்டும் நிறுத்துவாங்க. விடியிறதுக்கு முன்னாடியே சொல்லிருவாங்க, பஸ் இல்ல, ஸ்கூல் உண்டு, அனுப்புறதும் நிறுத்துறதும் உங்க இஷ்டம்னு. நிறுத்துனா ஆப்லயோ போன்லயோ வரலன்னு சொல்லிட்டா முடிஞ்சுது, யாரும் மூஞ்சிய சுளிக்கிறதில்ல. சொல்லாம விட்டாத்தான் போன் வரும், பிள்ள வழில எங்கயும் மாட்டிக்கிச்சோன்னு தேடுறதுக்கு. காலைல பஸ் ஓடலன்னா சாயந்திரமும் ஓடாது. நீயா கார்ல கொண்டு போய் விட்டேன்னா நீயே போய் கூட்டிட்டு வரணும். டீச்சர் சொன்ன அதே கணக்கு, திரும்பி வர்ற வழி.

வந்த புதுசுல எனக்கு இது தெரியாது. மொத பனிக்கு மகன கார்ல வச்சு பெரிய வீரன் மாதிரி ஸ்கூல்ல இறக்கி விட்டுட்டேன், மதியம் வெளிய பாத்தா ரோடு சும்மா ஈரமா இருக்குற மாதிரிதான் தெரியுது, பிரேக்க மிதிச்சா வண்டி அது பாட்டுக்கு கப்பல் மாதிரி வழுக்கிட்டு போகுது, கண்ணுக்கே தெரியாத ஐஸ் அது. பத்து நிமிஷ தூரத்துக்கு ஒண்ணேகால் மணி நேரம். உள்ள போனா இவன் தனியா படம் வரஞ்சுட்டு இருக்கான், மத்தவங்கள எல்லாம் கூட்டிட்டு போயிட்டாங்க.

உம்மா கிட்ட போன்ல சொன்னேன். "இங்க மழை பெஞ்சாலே உன்ன நிறுத்திருவேன், நீ பனிக்கட்டில எம்பேரன அனுப்புறியா"ன்னு ரெண்டு நாள் பேசல 😄

நம்ம ஊர்ல இந்த "பஸ் இல்ல, ஸ்கூல் உண்டு"ங்கிற நடு வழி இருந்தா எவ்ளோ நல்லா இருக்கும். பாலம் தாண்டுற பிள்ளைங்களுக்கு மட்டும் அன்னைக்கு ஆப்சென்ட் போடாதன்னு ஒரு ஆர்டர் போட்டா போதாதா? உள்ளூர்ப் பிள்ளைங்க படிக்கட்டும், தீவுப் பிள்ளைங்க வீட்ல இருக்கட்டும்.

---

வடகடல்காரன்

@கீழக்கரை_டு_டொராண்டோ நல்ல யோசனதான் தம்பி. ஆனா அப்படி ஆர்டர் வந்தா ராமநாதபுரத்துப் பிள்ளைங்க எல்லாம் தங்கச்சிமடத்து அட்ரஸ் குடுக்கும்.

---

தங்கச்சிமடம்காரி (மறுநாள் சாயந்திரம் 5.15)

எல்லாருக்கும் நன்றி. ராத்திரியே வேன்காரருக்கு போன் போட்டு வடகடல் அண்ணன் சொன்ன மாதிரியே கேட்டேன், உங்க பிள்ளைய ஏத்துவீங்களான்னு. கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "அக்கா, என் பொண்ணுக்கு காய்ச்சல், நாளைக்கு நிப்பாட்டலாம்னு இருக்கேன்"ங்குறாரு. காய்ச்சலாம்! அந்த பொண்ண நேத்து சாயந்திரம்தான் கடத்தெருவுல ஐஸ் சாப்பிட்டுட்டு நிக்கிறத பாத்தேன். அப்பவே முடிவு பண்ணிட்டேன். பெரியவன நிறுத்திட்டேன், மிஸ்ஸுக்கும் ராத்திரியே மெசேஜ் போட்டாச்சு, சின்னவ குடையோட போயிட்டா.

வேன் போச்சு, வந்துருச்சு, ஒண்ணும் ஆகல. மழை காலைல ஒரு தூத்தல், அப்புறம் கிடையாது. காத்து மட்டும் ரெண்டு மணி வரைக்கும் பேயா அடிச்சுது, பக்கத்து வீட்டு தகரம் பறந்து வந்து எங்க கிணத்தடில விழுந்துச்சு. வீட்டுக்காரரு காலைல உர்ருன்னு இருந்தாரு, தகரம் விழுந்ததுக்கு அப்புறம் ஒண்ணும் பேசல, அவரே போய் அரையாண்டுக்கு கணக்கு சொல்லிக்குடுக்க உக்காந்தாரு, பத்து நிமிஷத்துல மகன் அப்பாவுக்கு சொல்லிக்குடுத்துட்டு இருக்கான். மாமியார் மட்டும் நாள் பூரா வாசல்லயே உக்காந்து வடக்க பாத்துட்டு இருந்தாங்க. சின்னவ திரும்பி வந்து பைய தூக்கிப் போட்டப்புறம்தான் எந்திரிச்சு உள்ள வந்து காபி கேட்டாங்க.

டீச்சர், ஒரே ஒரு சந்தேகம். நாளைக்கு லீவ் லெட்டர் குடுத்து விடணும். காய்ச்சல்னு எழுதவா, காத்துன்னு எழுதவா?

---

சாக்பீஸ்டீச்சர்

காத்துன்னே எழுதுங்க. காய்ச்சல்னு ஏற்கனவே பன்னெண்டு லெட்டர் மேஜைல இருக்கும்.