வராமல் போன மீனை எப்படி எண்ணுவது? இழுவலைச் சோதனை அனுபவங்கள்

வலைச் சோதனைக் குழுவில் பணியாற்றுபவர்:

குஞ்சு மீனும் ஆமையும் தப்பும்படி மாற்றியமைத்த இழுவலையை (படகு இழுத்துச் செல்லும் வலையை) கடலில் சோதித்தவர்கள், சோதனைக்குப் படகைக் கொடுத்தவர்கள், படகுத் தளத்தில் உட்கார்ந்து மீன் பிரித்தவர்கள் என எல்லோரும் எழுதுங்கள். அறிக்கைகளில் இடம்பெறாத சங்கதிகள்தான் வேண்டும்.

நான் தொடங்கிவைக்கிறேன். வலைக்குள் வந்ததை எடை போட்டுவிடலாம். தப்பிப் போனதை எதைக் கொண்டு எடை போடுவது? சோதனை என்ற பெயரில் நாங்கள் செய்வதெல்லாம் இந்த ஒரு கேள்விக்கான சுற்றுவழிகள்தான். எனக்குப் பிடித்தது இரட்டை வலை முறை. ஒரே படகு, ஒரே நேரம், ஒரே கடல்தரை; ஒரு பக்கம் பழைய வலை, மறுபக்கம் மாற்றிய வலை. இரண்டு குவியல்களையும் தனித்தனியே கொட்டி ஒப்பிடலாம். ஆனால் இரு பக்கமும் ஒரே மாதிரி வலையைக் கட்டினாலும், ஒரு பக்கம் எப்போதும் சற்றுக் கூடுதலாகப் பிடிக்கும் படகுகள் உண்டு. கம்பிவடத்தின் நீளம், வலைவாயை விரிக்கும் பலகை சாயும் கோணம், நீரோட்டம் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். ஆகவே சோதனையின் பாதியில் வலைகளைப் பக்கம் மாற்றிக் கட்டச் சொல்வேன். நடுக்கடலில் வலையைக் கழற்றச் சொல்லும் ஆளை எந்தப் படகிலும் யாருக்கும் பிடிப்பதில்லை.

இறால் படகு ஓட்டுநர்:

பக்கம் மாற்றச் சொன்ன ஒருவரை நானும் மனத்துக்குள் திட்டித் தீர்த்திருக்கிறேன். அவர் நீங்களாக இல்லாதிருக்கட்டும்.

என் அனுபவம் ஆமை விலக்கியில். வலையின் கழுத்துக்கும் மடிக்கும் (மீன் சேரும் கடைசிப் பைக்கும்) நடுவே சாய்வாகப் பொருத்தும் கம்பிச் சட்டகம் அது. இறால் கம்பிகளுக்கிடையே நுழைந்து மடிக்குப் போகும். ஆமை கம்பியில் மோதிச் சறுக்கித் திறப்பு வழியாக வெளியேறும். அமெரிக்கா 1987-இல் தன் இறால் படகுகளுக்கு இதை விதியாக்கியது. 1989-இல் இதற்கு இணையான பாதுகாப்பு இல்லாத நாடுகளின் இறாலை இறக்குமதி செய்யவும் தடைச்சட்டம் போட்டது. இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து ஆகிய நான்கும் உலக வர்த்தக அமைப்புவரை போய் வழக்காடின. இவ்வளவு நடந்த பிறகு, இதை மேலிருந்து திணித்த பொருளாகப் பலர் பார்ப்பதில் வியப்பில்லை. ஆனால் இதன் மூதாதை ஒரு மீனவரின் கைவேலை. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த சிங்கி பூன் என்ற இறால் மீனவர், ஜெல்லி மீன் தொல்லை தாங்காமல் 1960-களில் செய்தது. நார்வேயின் நோர்ட்மோரே சட்டகமும் ஜெல்லி மீனை வெளியேற்ற ஒரு மீனவர் செய்ததுதான். 1990-களின் தொடக்கத்தில் அங்கே இறால் படகுகளுக்கு அது கட்டாயமானது. ஆமையும் குஞ்சு மீனும் பிறகுதான் பேச்சுக்கு வந்தன.

கடலில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது சட்டகத்தின் சாய்வு. ஏறக்குறைய நாற்பத்தைந்து பாகையில் நின்றால் எல்லாம் சரியாக நடக்கும். நிமிர்ந்து நின்றுவிட்டால் குப்பையும் கடற்பாசியும் சறுக்காமல் கம்பியிலேயே அப்பிக்கொள்ளும். தண்ணீர் போக வழியின்றி, இறால் திறப்பு வழியே வெளியே போய்விடும். ஒரு நீளக் கட்டை, திறப்பை மூடும் துணியில் மாட்டிக்கொண்டு அதைத் திறந்தபடியே வைத்திருந்தாலும் இதே கதிதான். படகின் உரிமையாளர் கரையில் நின்றுகொண்டு "சாதனம் இறாலைத் தின்கிறது" என்பார். தின்றது கட்டை. ஆனால் அந்த இழுப்பின் எடை மட்டும்தான் ஏட்டில் ஏறும். மிதவையைச் சரியாகக் கட்டி, சட்டகத்தின் எடையை ஈடுகட்டி, புது வலை இழுபட்டு நீண்ட பிறகு கோணத்தை மறுபடி அளந்து பார்த்தால் பாதிப் புகார் காணாமல் போகும் என்பது என் கருத்து.

இன்னொன்று. ஆமைக்காக வைத்த கம்பி இடைவெளி நான்கு அங்குலம்வரை போகலாம். அதில் சிறு மீன் தாராளமாக நுழைந்து மடிக்குப் போய்விடும். ஆமை விலக்கி வைத்துவிட்டோம், கழிவு மீன் பிரச்சினை தீர்ந்தது என்று பேசுகிறவர்கள் ஒருமுறை தளத்துக்கு வந்து குவியலைப் பார்க்க வேண்டும். நோர்ட்மோரே சட்டகத்தில் இடைவெளி 19 மில்லிமீட்டர்தான். அதனால்தான் அது மீனையும் தடுக்கிறது. அங்கே இறால் தவிர மற்றதை இழக்கத் தயாராக இருக்கிறார்கள். வெப்பமண்டலக் கடலில் கலந்து வரும் மீனும் வருமானம். அதையும் விடு என்றால் யார் கேட்பார்கள்?

வலை தைப்பவர்:

ஓட்டுநர் கடைசியில் கேட்டதற்கு ஒரு பதில் உண்டு. கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இரண்டு மடிகள் கொண்ட ஒரு சாதனத்தை உருவாக்கியது. சட்டகத்தின் வழியே இறால் கீழ்மடிக்குப் போகும். மீன்கள் மேல்மடிக்குத் திரும்பும். அங்கே பெரியவை தங்க, குஞ்சுகள் கண்ணி (வலைத் துளை) வழியே வெளியேறும். வேண்டாத உயிர்கள் சிக்குவதைக் குறைக்கும் வலைகளுக்கான ஸ்மார்ட் கியர் என்ற உலகப் போட்டியில் 2005-இல் அதற்குப் பரிசும் கிடைத்தது. இறாலும் மீனும் தனித்தனியாக வருவதால் இறால் நசுங்குவதில்லை, பிரிக்கும் வேலையும் குறைகிறது. கடலில் ஆட்களை இணங்க வைப்பது இந்த இரண்டும்தான்.

என் வேலை கண்ணியோடு. கண்ணியைப் பெரிதாக்கு என்று சொல்பவர்களுக்குச் சாய்சதுரக் கண்ணியின் குணம் தெரியாது. இழுவிசை ஏற ஏற அது நீளவாக்கில் இறுகி மூடிக்கொள்ளும். மடி நிறைந்ததும், குவியலுக்குச் சற்று முன்னால் சில வரிசைகள் மட்டுமே திறந்திருக்கும். மற்றதெல்லாம் பெயருக்குத்தான் கண்ணி. சதுரக் கண்ணி அப்படி மூடாது. அதே வலைத் துணியைத் தொண்ணூறு பாகை திருப்பித் தைத்தாலும் கண்ணி திறந்தே நிற்கும். டி90 என்று அதற்குப் பெயர். பால்டிக் கடலில் காட் மீன்பிடிப்பில் அதை விதியிலேயே சேர்த்தார்கள். புதுப் பொருள் எதுவும் வாங்க வேண்டியதில்லை, தையல் திசைதான் வேறு.

நூலின் தடிமனை யாரும் கேட்பதில்லை. அதே அளவுக் கண்ணியைத் தடித்த இரட்டை நூலில் போட்டால் விறைத்து நிற்கும், மீன் நெம்பி வெளியேற முடியாது. கண்ணி அளவுகோல் நுழைத்துப் பார்க்கும் அதிகாரிக்கு எல்லாம் சரியாகவே தெரியும். அதைத் தெரிந்துகொண்டே தடித்த நூல் கேட்டு வருபவர்களும் உண்டு. மடியைச் சுற்றிக் கயிறு கட்டுபவர்களும், உள்ளே இன்னொரு சிறுகண்ணி வலையைச் செருகுபவர்களும் உண்டு. ஆகவே உங்கள் அறிக்கையில் கண்ணி அளவை எழுதும்போது நூலின் தடிமனையும் சுற்றளவில் எத்தனை கண்ணி என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இல்லாவிட்டால் அதைப் படித்து என்னால் அந்த வலையைத் திரும்பத் தைக்க முடியாது.

படகில் மீன் அளப்பவர்:

எண்ணுவதைப் பற்றிக் கேட்டீர்கள். இரட்டை வலைக்கு வசதி இல்லாத படகில் உறைவலை போடுவோம். மடிக்கு வெளியே சிறுகண்ணியால் இன்னொரு பை. மடியிலிருந்து தப்பியது அதில் சிக்கும். உள்ளே இருப்பது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்று நீளவாரியாக எழுதினால், எந்த நீளத்தில் பாதி மீன் தங்குகிறது, பாதி போகிறது என்று தெரிந்துவிடும். சோதனையின் முக்கியமான எண் அதுதான்.

ஆனால் உறைவலை மடியோடு ஒட்டிக்கொண்டால் கண்ணியை அடைத்துவிடும். மீன் தப்பாதது வலையின் குணமா, உறையின் குணமா என்று பிரித்தறிய முடியாது. வளையம் கட்டி விரித்து நிறுத்த வேண்டும். வளையம் கட்டிய பை வின்ச்சில் (வலை தூக்கும் பொறியில்) ஏறும்போது தளத்தில் இருப்பவர்கள் என்ன பேசுவார்கள் என்பதை இங்கே எழுத முடியாது.

குவியல் பெரிதாக இருந்தால் எல்லா மீனையும் அளக்க முடியாது, பங்கு எடுப்போம். மேலாக ஒரு கூடை அள்ளிக் கொடுப்பார்கள், அதை ஏற்கக் கூடாது. படகு ஆடும்போது பெரிய மீன் ஓரத்துக்கு உருளும். மேலே இருப்பது குவியலின் சாயல் ஆகாது. சங்காயம் என்று ஒதுக்கும் பகுதியையும் இனம் பிரிக்க வேண்டும். விரல்கள் மரத்து, செதில் காய்ந்து தாளில் ஒட்டும் வேளையில் அது அலுப்பான வேலைதான். ஆனால் குஞ்சு மீன்கள் அந்தக் குவியலில்தான் இருக்கின்றன. கடலில் வீசி எறியப்படும் மீன் ஆண்டுக்குச் சுமார் 91 லட்சம் டன் என்று ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண்மை நிறுவனம் 2019-இல் மதிப்பிட்டது. அதில் ஏறக்குறைய பாதி அடித்தள இழுவலையிலிருந்து வருவது. அந்த எண்ணும் இப்படிக் கூடை கூடையாகச் சேர்ந்ததுதான்.

நீரடி ஒளிப்பதிவு செய்பவர்:

தப்புவதைக் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டு வந்தவன் நான். கேமராவுக்கு வெளிச்சம் வேண்டும், வெளிச்சம் வந்தால் மீன் வேறு மாதிரி நடந்துகொள்ளும். இந்தச் சிக்கலையே சாதகமாக்கியது அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து இறால் சோதனை. பச்சை எல்.இ.டி. விளக்குகளைக் கம்பிச் சட்டகத்தின் அருகே வைத்தபோது யூலக்கான் என்ற சிறு மீன் முன்பைவிட அதிகமாகச் சிக்கியது. அதே விளக்குகளை வலைவாயின் அடிவிளிம்பில் கட்டியதும் சுமார் தொண்ணூறு விழுக்காடு குறைந்துவிட்டது. இறாலுக்கு ஒன்றும் ஆகவில்லை. மீன் வலைக்குள் வருவதற்கு முன்பே, அடிவிளிம்புக்குக் கீழிருக்கும் இடைவெளியை வெளிச்சத்தில் கண்டு போய்விடுகிறது. வடிவமைப்பு மேசையில் உட்கார்ந்து இதை ஊகித்திருக்க முடியாது.

ஹேடாக் மீன் வலையைக் கண்டால் மேலே எழும், காட் கீழே பதுங்கும். வலையின் முன்பகுதியில் ஆள் நுழையும் அளவு கண்ணி வைத்து, காட் தப்பவும் ஹேடாக் தங்கவும் செய்த வலைக்கு 2007-இல் அதே ஸ்மார்ட் கியர் போட்டியில் முதல் பரிசு. மீனவர்களுக்கு இந்த மேல் கீழ் விவகாரம் எப்போதும் தெரியும். கேட்கத்தான் ஆளில்லை.

இறால் படகு ஓட்டுநர்:

எல்லாம் சரி. கண்ணி வழியே போன மீன் பிழைக்கிறதா? அதை யாராவது பார்த்தீர்களா?

வலைச் சோதனைக் குழுவில் பணியாற்றுபவர்:

பார்த்திருக்கிறோம். உறைவலையில் சேர்ந்த மீனைத் தண்ணீருக்கு மேலே தூக்காமல், உறையைக் கழற்றிக் கூண்டாக்கிக் கடலிலேயே சில நாள் விட்டுவைப்பார்கள். இனத்துக்கு இனம் விடை மாறுகிறது. காட் பெரும்பாலும் பிழைக்கிறது. ஹெர்ரிங் போலச் செதில் எளிதில் உதிரும் மீன்களில், கண்ணியைத் தாண்டிய பிறகும் சாவு அதிகம். அப்படிப்பட்ட இனத்துக்குக் கண்ணியை மாற்றுவதைவிட வலைவாயிலேயே திருப்பி அனுப்பும் விளக்கு போன்ற வழிகளில் எனக்கு நம்பிக்கை.

ஆனால் கூண்டுக்குள் அடைபட்டதே மீனைக் கொல்லலாம். அதனால் வலையில் மாட்டாத மீனையும் பக்கத்துக் கூண்டில் விட்டு ஒப்பிட வேண்டும். வலை படாத மீனை அதே கடலில், அதே அளவில், காயமில்லாமல் பிடித்துத் தருவதற்குத் தூண்டில்காரர்களைத்தான் தேட வேண்டியிருக்கிறது. அப்படி ஒரு சோதனைக்குப் படகு தருகிறவர் யாராவது இங்கே இருந்தால் சொல்லுங்கள். நடுக்கடலில் பக்கம் மாற்றச் சொல்ல மாட்டேன்.