முதல் முறை தூண்டில் போடப்போகும் பிள்ளைகளை எங்கே கூட்டிப் போகலாம்? (கிருஷ்ணகிரி)

மாந்தோப்பு_கிருஷ்ணகிரி:

வணக்கம். மே லீவுக்கு அக்கா பிள்ளைகள் பெங்களூரிலிருந்து வருகிறார்கள். பெரியவளுக்கு 11 வயது, சின்னவனுக்கு 8. "மாமா, மீன் பிடிக்கக் கூட்டிட்டுப் போ" என்று போனில் தினமும் நச்சரிப்பு. இரண்டு பேரும் தூண்டிலைக் கையால் தொட்டதுகூட இல்லை. அக்கா வீட்டுக்காரர் ஆன்லைனில் ரீல் வைத்த ராடு ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார், வாங்கட்டுமா என்கிறார். கே.ஆர்.பி. அணைக்குப் போவதா, ஒகேனக்கல் போவதா? என்னென்ன வாங்க வேண்டும்? சின்னவன் கால் மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார மாட்டான், அதுதான் எனக்குப் பெரிய கவலை. பழக்கம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தென்பெண்ணைக்கரை:

தம்பி, அந்த ராடு இப்போது வேண்டாம். ரீலை வீசப் பழகுவதற்கே ஒரு நாள் போய்விடும். பிள்ளைகள் பக்கத்தில் நிற்கும்போது வீசினால் தூண்டில் முள் யார் முதுகில் மாட்டும் என்று சொல்ல முடியாது. நான் காவேரிப்பட்டணம். லீவு விட்டால் எங்கள் தெருப் பிள்ளைகளை ஏரிக்குக் கூட்டிப் போவது என் வேலை. எல்லாருக்கும் மூங்கில் குச்சிதான். பிள்ளையின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு நீளம், நுனி லேசாக வளைய வேண்டும். தங்கூசி நரம்பும் (தூண்டிலில் கட்டும் நைலான் இழை) குச்சி நீளத்துக்கு மேல் போகக் கூடாது, போனால் சிக்கு எடுப்பதிலேயே பொழுது போய்விடும். ஜிலேபி மீனுக்கு (திலாப்பியா) என்று கேட்டால் கடைக்காரரே சின்ன முள்ளாக எடுத்துக் கொடுப்பார். முள்ளுக்கு ஒரு சாண் மேலே பயறு அளவில் ஈயக் குண்டு. தக்கைக்குப் பழைய ஹவாய் செருப்பில் சுண்டுவிரல் நுனி அளவு வெட்டினால் போதும்.

வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே, முள்ளின் உள்பக்கம் திரும்பி நிற்கும் சின்னக் கூர்முனையைக் குறடு வைத்து நசுக்கிவிடுங்கள். ஒன்றிரண்டு மீன் கழன்று போகும், போகட்டும். விரலில் ஏறினாலும் வந்த வழியே வெளியே வந்துவிடும்.

முதல் நாள் ஜிலேபியைத் தவிர எதையும் குறி வைக்காதீர்கள். கட்லா, ரோகு என்று ஆசை காட்டினால் நாள் முழுக்க உட்கார வேண்டியிருக்கும், சின்னவன் அதோடு தூண்டிலையே வெறுத்துவிடுவான். ஜிலேபி கரையோரமே மேயும், மண்புழு, மாவு எது கொடுத்தாலும் கடிக்கும். 1952-ல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த மீன் அது. இன்று நம் ஏரிகளில் பெருகி, ஊர் மீன்களுக்கு இடைஞ்சலாக நிற்கிறது. பிடிப்பதில் சங்கடப்பட ஒன்றுமில்லை. தண்ணீர் தெளிவாக இருந்தால் கரையோரம் தட்டு மாதிரி வட்டக் குழிகள் தெரியும். ஆண் ஜிலேபி தோண்டிய கூடு அது. அங்கே இட்ட முட்டையைத் தாய் மீன் வாய்க்குள் எடுத்துக்கொண்டு குஞ்சு பொரிக்கும் வரை சுமக்கும், அந்த நாட்களில் இரை எடுப்பதே அபூர்வம். இதைச் சொல்லிக் காட்டுங்கள், தூண்டிலை மறந்துவிட்டுப் பிள்ளைகள் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

புழுவுக்கு எங்கும் அலைய வேண்டாம். குளியல் தண்ணீர் போகிற வாழையடியில் கிளறினால் கிடைக்கும். ஈரமண்ணோடு கொட்டாங்குச்சியில் போட்டு நிழலில் வையுங்கள். முழுப்புழுவைக் கோத்தால் ஜிலேபி வாலை மட்டும் தின்றுவிட்டுப் போகும். விரல் நக அளவு துண்டு, முள் நுனி வரை மூடினால் போதும். புழுவைத் தொட மாட்டேன் என்றால் மைதாவைக் கெட்டியாகப் பிசைந்து, அதில் கொஞ்சம் பஞ்சு கலந்து உருட்டுங்கள், தண்ணீரில் சீக்கிரம் கரையாது.

விடியற்காலை ஐந்து மணிக்கே பிள்ளைகளை எழுப்பாதீர்கள். கோடையில் நம் ஏரிகள் பாசி பிடித்துப் பச்சையாக நிற்கும். இரவெல்லாம் பாசியும் மூச்சு விடுவதால் விடியும்போது தண்ணீரில் ஆக்சிஜன் ரொம்பக் குறைந்திருக்கும். மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும், இரையைத் திரும்பிப் பார்க்காது. வெயில் கொஞ்சம் ஏறி ஏழரை மணிக்கு மேல் கடி ஆரம்பிக்கும். ஒன்பதரைக்குக் கிளம்பிவிடுங்கள். கடித்துக்கொண்டிருக்கும்போதே கிளம்பினால்தான் மறுநாளும் வருகிறேன் என்பார்கள்.

தக்கையைப் படிக்கச் சொல்லிக் கொடுங்கள், சின்னவனை உட்கார வைக்கும் வழி அதுதான். தக்கை நின்ற இடத்திலேயே டிக் டிக் என்று நடுங்கினால் பொடி மீன் கொத்துகிறது, இழுக்கக் கூடாது. இரண்டு தட்டு தட்டிவிட்டுச் சாய்வாக உள்ளே போனால் ஜிலேபி வாயில் வாங்கிவிட்டது, குச்சியை மணிக்கட்டால் மட்டும் தூக்க வேண்டும். அவசரமே இல்லாமல் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே அமிழ்ந்தால் கெளுத்தியாக இருக்கும், உடனே உங்களைக் கூப்பிடச் சொல்லுங்கள். கெளுத்தியைப் பிள்ளைகள் தொடவே கூடாது.

முக்கியமான ஒன்று. உங்கள் கையிலும் அக்கா வீட்டுக்காரர் கையிலும் தூண்டில் இருக்கவே கூடாது. ஒருத்திக்குப் புழு கோத்துக் கொடுக்க வேண்டும், இன்னொருவனுக்குச் சிக்கு எடுக்க வேண்டும், இதற்கு நடுவில் இரண்டு பேரும் தண்ணீருக்கு எவ்வளவு பக்கத்தில் நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தன் தக்கையைப் பார்க்கும் பெரியவருக்குப் பிள்ளை தெரியாது. ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர், அவ்வளவுதான்.

இடம் என்று கேட்டால், அணை வேண்டாம். 52 அடி நிற்கக்கூடிய தண்ணீர், மதகுப் பக்கம் பிள்ளைகளோடு நெருங்கவே கூடாது. உங்களுக்குத் தெரிந்தவர்கள் உள்ள ஊராட்சி ஏரியாகப் பாருங்கள். மீன்பாசிக் குத்தகை (ஏரியில் மீன் வளர்த்துப் பிடிக்கும் உரிமை) எடுத்தவர் யார் என்று விசாரித்து அவரிடம் நேரில் கேளுங்கள். அவர் காசு போட்டுக் குஞ்சு வாங்கி விட்டிருப்பார், கேட்காமல் தூண்டில் போட்டால் அது திருட்டு. பிள்ளைகளுக்கு, அதுவும் ஜிலேபிக்கு மட்டும் என்றால் பெரும்பாலும் சரி என்பார்கள். அந்த ஏரியில் வண்டல் மண் அள்ளியிருக்கிறார்களா என்றும் அவரையே கேளுங்கள். அள்ளியிருந்தால் முழங்கால் தண்ணீருக்கு அடுத்த அடியிலேயே ஆள் ஆழப் பள்ளம் இருக்கும், மேலிருந்து பார்த்தால் தெரியாது.

பாலக்கோடு_டீச்சர்:

அண்ணா சொன்னதோடு ஒன்று. கெளுத்திக்கு முதுகில் ஒரு முள், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு முள். குத்தினால் கை கடுத்துத் துடிக்கும். தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் கையை வைத்திருந்தால் வலி இறங்கும், அதனால் ஒரு பிளாஸ்க் வெந்நீர் கொண்டு போங்கள். முதலில் உங்கள் கையை விட்டுச் சூடு பார்த்துவிட்டுப் பிள்ளையின் கையை வையுங்கள். முள் உள்ளே ஒடிந்து நின்றால் நீங்களே நோண்டாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

அப்புறம், பெரியவளை வாளி பிடிக்க வைத்துவிட்டுத் தம்பிக்குத் தூண்டில் கொடுக்காதீர்கள். எங்கள் பக்கம் இதை நிறையப் பார்த்திருக்கிறேன், பார்க்கும்போதெல்லாம் மனசு கஷ்டமாக இருக்கும். முதல் தூண்டில் அவள் கையில் இருக்கட்டும்.

பென்னாகரத்தான்:

ஒகேனக்கலுக்குப் பரிசல் ஏறவும் மீன் வறுவல் சாப்பிடவும் கூட்டி வாருங்கள், தூண்டிலோடு வர வேண்டாம். காவிரியில் முதலை உண்டு. ஆற்றை ஒட்டிய காடு பெரும்பாலும் சரணாலயம், காவிரி தெற்குச் சரணாலயத்தை 2022-ல் அறிவித்தார்கள். அதற்குள் தூண்டில் போடக் கூடாது. திமில் வைத்த மஹசீர் காவிரி ஆற்றுப் படுகையில் மட்டும்தான் உண்டு, அழிவின் விளிம்பில் நிற்கிற மீன்.

ஓசூர்_ஏரிக்கரை:

கெலவரப்பள்ளி அணைப் பக்கமும் வேண்டாம் நண்பரே. பெங்களூர்க் கழிவு கலந்து நுரை பொங்கி வருகிற தண்ணீர். பிள்ளைகள் அதில் கை வைப்பதே நல்லதில்லை, மீனைச் சாப்பிடுவது அடுத்த விஷயம்.

மாந்தோப்பு_கிருஷ்ணகிரி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ராடு வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிட்டேன். சித்தப்பா ஊர் ஏரியில் குத்தகைக்காரர் தெரிந்தவர்தான், கேட்கிறேன். இன்னொரு சந்தேகம்: சின்னவன் இளகிய மனசுக்காரன். மீனைக் கொல்லக் கூடாது, வளர்க்கலாம் என்று அழுதால் என்ன செய்வது? தோப்பில் கிணறு இருக்கிறது.

தென்பெண்ணைக்கரை:

அழுதால் அழட்டும், நல்ல பிள்ளை. கட்டாயப்படுத்தாதீர்கள். வாளியில் ஏரித் தண்ணீர் ஊற்றி, பிடித்ததைக் கொஞ்ச நேரம் பார்க்கட்டும். கையை நனைத்துக்கொண்டு தொட வேண்டும், காய்ந்த கை பட்டால் மீன் மேல் இருக்கும் வழவழப்பு போய்ப் புண்ணாகும். பிறகு அதே ஏரியில் அவன் கையாலேயே விடட்டும். கிணற்றில் மட்டும் விடாதீர்கள். ஜிலேபி கிணற்றிலும் பெருகிக்கொண்டே போகும், மழைக்குக் கிணறு நிரம்பி வழிந்தால் வாய்க்கால் வழியாக அடுத்த குட்டைக்கும் போய்விடும்.

தண்ணீரில் சின்னச் சின்னச் சிவப்புக் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து வந்து போனால் அடியில் விரால் காவல் இருக்கிறது என்று அர்த்தம். அங்கே தூண்டில் போடாமல் தள்ளிப் போய் உட்காருங்கள். பெரிய மீனைத் தூக்கிவிட்டால் அந்தக் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்றுவிடும். அறுந்த தங்கூசி ஒரு துண்டு இருந்தாலும் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள், கொக்கு காலில் சுற்றிக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை ஏரியில் கூட்டம் இருக்கும், செவ்வாய் புதன் பார்த்துப் போங்கள்.