புதுப்பிப்பு: பேக் அழுத்தினால் முகவரி மாறுகிறது, பக்கம் மாறவில்லை (தீர்ந்தது)

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. குமுளி ஏலக்காய் வியாபாரிகளுக்கான விலைப்பட்டியல் வெப் ஆப்பில், பேக் பட்டனை அழுத்தினால் முகவரி மட்டும் மாறி, திரையில் அதே ரகமே நிற்கிறது என்று கேட்டிருந்தேன். கைகொடுத்தது பாப்ஸ்டேட் (பேக், ஃபார்வர்டு அழுத்தும்போது பிரவுசர் ஆப்புக்குத் தரும் அறிவிப்பு) யோசனைதான். புஷ்ஸ்டேட் (பக்கத்தை மறுபடி ஏற்றாமல் முகவரியை மாற்றும் கட்டளை) பிரவுசர் வரலாற்றில் ஒரு பதிவைச் சேர்க்கும், அவ்வளவுதான், பாப்ஸ்டேட்டைக் கிளப்பாது. பேக், ஃபார்வர்டு அழுத்தும்போதுதான் அது வரும். அங்கே முகவரியைப் படித்துத் திரையை மறுபடி வரைந்தேன், சரியாகிவிட்டது.

எதிர்பாராதது ஒன்று. கம்பத்துக் கடைக்காரர் ஒருவர் கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு 8 எம்எம் ரகத்தைக் கிளிக் செய்தார். புது டேப் திறக்கவே இல்லை. பிரிவென்ட்டிஃபால்ட் (கிளிக்குக்குப் பிரவுசர் வழக்கமாகச் செய்வதைத் தடுக்கும் கட்டளை) எல்லாக் கிளிக்கையும் விழுங்கிக்கொண்டிருந்தது. கன்ட்ரோல், ஷிஃப்ட், மெட்டா (மேக்கில் கமாண்ட்) விசை அழுத்தியிருந்தால் பிரிவென்ட்டிஃபால்ட்டுக்கு முன்பே ரிட்டர்ன் செய்துவிடுங்கள். அப்புறம், ரீஃப்ரெஷில் 404 (பக்கம் கிடைக்கவில்லை) வந்தால் அது சர்வர் சமாச்சாரம். ஆப்பின் எல்லாப் பாதைக்கும் இன்டெக்ஸ் பக்கத்தையே அனுப்ப வையுங்கள்.