பால்கனியில் 200 லிட்டர் டிரம்: வைக்கலாமா, கூடாதா?

வேளச்சேரிவாசி:
வடகிழக்குப் பருவமழை வருகிறது. ஒற்றைப் படுக்கையறை வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு யோசனை. பால்கனி மூலையில் இறுக்கமான மூடி போட்ட 200 லிட்டர் நீல டிரம் ஒன்று, அடியில் ஒரு குழாய். நான்கு பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து லிட்டர் என்று வைத்தால் பத்து நாள் ஓடும். 2015 டிசம்பரிலும் சரி, 2023 மிக்ஜாம் புயலிலும் சரி, எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. குடிக்க ஒரு வாய் கிடையாது. மின்சாரம் இல்லாததால் மோட்டார் ஓடவில்லை. ஓடியிருந்தாலும் சம்ப்பிலிருந்து ஏறியிருக்கக்கூடியது சாக்கடைதான். இரண்டடிக்கு இரண்டடி இடம் போதும். வேறு என்ன வேண்டும்?

ஓய்வுபெற்ற பொறியாளர்:
வேறு என்ன வேண்டுமா? டிரம்மை வைத்த பிறகும் பால்கனி இருக்க வேண்டும். 200 லிட்டர் தண்ணீர் 200 கிலோ. டிரம்மின் எடை தனி. அறைகளின் தளம் நாலாபக்கமும் உத்திரத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பால்கனி ஒரு பக்கப் பிடிமானத்தில் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதற்குக் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும். கான்கிரீட் கொட்டும்போது ஆட்கள் அந்தக் கம்பியை மிதித்து மிதித்துக் கீழே இறக்கிவிடுவதை எத்தனை கட்டடத்தில் பார்த்துச் சத்தம் போட்டிருக்கிறேன்! முப்பது ஆண்டுக்கு மேல் இதே வேலையாக இருந்தவன் சொல்கிறேன்: பால்கனியில் டிரம் கூடாது.

வேளச்சேரிவாசி:
நானும் விசாரித்துவிட்டுத்தான் எழுதினேன். குடியிருப்புகளில் அறைகளைச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ, பால்கனியை 300 கிலோ தாங்கும்படி வடிவமைக்கச் சொல்கிறது இந்தியத் தர விதி. என் பால்கனி மூன்றரைச் சதுர மீட்டர். ஆயிரம் கிலோ தாங்கும் இடத்தில் 200 கிலோ வைப்பதற்கா இத்தனை பயமுறுத்தல்?

ஓய்வுபெற்ற பொறியாளர்:
பரவலாக நிற்கும் சுமை வேறு, ஓரிடத்தில் குத்தி நிற்கும் சுமை வேறு. டிரம்மின் அடிப்பரப்பு கால் சதுர மீட்டர்தான். அந்த இடத்தில் சதுர மீட்டருக்கு 800 கிலோ கணக்கில் அழுத்துகிறது. 300 எங்கே, 800 எங்கே? விதியில் ஒரு வரியை மட்டும் படித்துவிட்டு வருகிறவர்களிடம் இதுதான் தொல்லை. விதிப்படி வடிவமைக்க வேண்டும் என்பது காகிதம். விதிப்படிதான் கட்டினார்கள் என்று உங்களிடம் யார் எழுதிக் கொடுத்தார்கள்?

மாடிக்குடித்தனம்:
ஐயா, இந்தக் கணக்குப்படி நான் ஒற்றைக் காலில் நின்றால் என் பாதத்தின் கீழே சதுர மீட்டருக்கு நாலாயிரம் கிலோவுக்கு மேல் வரும். இனிமேல் பால்கனியில் செருப்பு மாட்டுவதையும் நிறுத்திவிடவா? தேர் வரும் நாளில் எங்கள் தெருவில் ஒவ்வொரு பால்கனியிலும் ஆறேழு பேர் நெருக்கியடித்து நிற்கிறார்கள். எல்லாப் பால்கனியும் இன்றுவரை அங்கேயேதான் இருக்கிறது.

ஓய்வுபெற்ற பொறியாளர்:
தேர் போனதும் அவர்கள் உள்ளே போய்விடுவார்கள். டிரம் போகுமா? இரவும் பகலும் நிற்கும் சுமையில் கான்கிரீட் நாளாக நாளாகத் தாழும். அடிப்பக்கம் பூச்சு உதிர்ந்து துருப்பிடித்த கம்பி தெரியும் பால்கனிகளைச் சென்னையில் தெருவுக்குத் தெரு காட்டுகிறேன், வருகிறீர்களா தம்பி? செருப்பை மாட்டிக்கொண்டே வரலாம்.

பித்தளைக்குடம்:
பால்கனி நிற்கிறதோ விழுகிறதோ, அந்த டிரம்மை எதைக் கொண்டு நிரப்புவீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லையே! 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் நான்கும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்களே, அந்த ஆண்டு லாரித் தண்ணீரைக் குடம் குடமாகத்தான் மாடிக்கு ஏற்றினோம். குடத்தைத் தூக்கலாம், சாய்க்கலாம், கழுவலாம். டிரம்மை நிரப்பிய இடத்திலிருந்து ஒரு விரற்கடை நகர்த்த முடியுமா? நாங்கள் பித்தளையிலும் எவர்சில்வரிலும் வைத்துக் குடித்தவர்கள். பழைய டிரம் கடையில் வாங்கும் அந்த நீலப் பிளாஸ்டிக்கில் முன்பு ஆசிட் இருந்ததா, சாயம் இருந்ததா, யாருக்குத் தெரியும்?

வேளச்சேரிவாசி:
அம்மா, நான் புதிய டிரம் வாங்கச் சொன்னேன். பழையது என்று எங்கே எழுதினேன்? 200 லிட்டருக்கு எத்தனை பித்தளைக் குடம் வேண்டும், அவற்றை ஒற்றைப் படுக்கையறை வீட்டில் எங்கே அடுக்குவது என்பதையும் சொல்லிவிடுங்கள். குடத்தின் மேல் படுத்துக்கொள்ளவா?

கொசுவிரட்டி:
மாநகராட்சி கொசு ஒழிப்புப் பணியில் இருந்தவன் நான். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே டிரம்மின் உட்சுவரில் முட்டையை ஒட்டிவிடும். தண்ணீர் வற்றிக் காய்ந்தாலும் அது மாதக்கணக்கில் சாகாது. மறுபடி நிரப்பினால் ஒரு வாரம், பத்து நாளில் கொசு பறக்கும். வாரத்துக்கு ஒருமுறை டிரம்மைக் காலி செய்து உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். வெறுமனே அலசினால் முட்டை போகாது.

வேளச்சேரிவாசி:
இறுக்கமான மூடி என்று முதல் பதிவிலேயே இருக்கிறது. வாரந்தோறும் 200 லிட்டரைக் கொட்டச் சொல்கிறவர் 2019இல் எந்த ஊரில் இருந்தார்?

கொசுவிரட்டி:
கொட்டவா சொன்னேன்? துணி துவைக்கவும் வீடு கழுவவும் செலவழித்துவிட்டுப் புதிதாகப் பிடியுங்கள் என்கிறேன். மூடி இறுக்கம், மூடி இறுக்கம் என்று சொன்ன வீடுகளில்தான் டார்ச் அடித்துப் புழுவைக் காட்டியிருக்கிறேன். பாதி வீட்டில் மூடிக்குப் பதில் ஒரு பழைய தட்டு; மீதி வீட்டில் துணி.

அம்பத்தூரான்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எந்த அவசரத்தைப் பற்றிப் பேசுகிறோம்? வெள்ளமா, வறட்சியா, மின்வெட்டா? 2016 வர்தா புயலில் வெள்ளம் இல்லை. மின்கம்பங்கள் சாய்ந்ததால்தான் மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை. நிவாரணப் பணிக்கான உலக அளவுகோலில் குடிக்கவும் சமையலுக்குமாக ஆளுக்கு நாளொன்றுக்கு ஒன்பது லிட்டர் வரை ஆகும் என்கிறார்கள். குளியல், கழுவுதல் எல்லாம் சேர்த்துக் குறைந்தது 15 லிட்டர். வேளச்சேரிவாசியின் ஐந்து லிட்டர் எதற்கு? குடிக்க மட்டுமா? முதலில் அதை முடிவு செய்தால் டிரம் வேண்டுமா, இரண்டு கேன் போதுமா என்பது தானே தெரிந்துவிடும்.

ஓய்வுபெற்ற பொறியாளர்:
வெள்ளம் வந்தாலும் வறட்சி வந்தாலும் பால்கனி அதே பால்கனிதான். ஐந்து லிட்டர், 15 லிட்டர் எல்லாம் பிறகு. 200 கிலோ எங்கே நிற்கிறது என்பதற்குப் பதில் வரட்டும்.

வேளச்சேரிவாசி:
சுவரோரமாக நிற்கிறது! பளுவோடு தூரத்தையும் பெருக்க வேண்டும் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். கைப்பிடிச் சுவர்ப் பக்கம் ஒரு மீட்டர் தள்ளி வைப்பதும், வீட்டுச் சுவரை ஒட்டி ஓரடித் தூரத்தில் வைப்பதும் ஒன்றா? மூன்றில் ஒரு பங்குகூட வராது.

ஓய்வுபெற்ற பொறியாளர்:
இப்போது சுவரோரம் என்கிறீர்கள். முதல் பதிவில் 'மூலை' என்றுதான் இருக்கிறது. எந்த மூலை? பால்கனிக்கு நான்கு மூலை உண்டு. பதிவை இனி மாற்ற வேண்டாம், படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

மாடிக்குடித்தனம்:
போன ஆண்டு இன்வெர்ட்டர் விவாதத்திலும் இவர் இப்படித்தான். மாடிப்படிக்கு அடியில் பேட்டரி வைத்தால் வெடிக்கும் என்று ஐம்பது பதிவு போட்டார். பேட்டரி அங்கேயேதான் இருக்கிறது. இவர்தான் வெடித்துக்கொண்டே இருக்கிறார்.

ஓய்வுபெற்ற பொறியாளர்:
வெடிக்கும் என்று சொல்லவில்லை. காற்றோட்டம் இல்லாத இடத்தில் ஹைட்ரஜன் சேரும் என்றேன். புரியாததை மேற்கோள் காட்டாதீர்கள். இவ்வளவு பேசுகிறவர்கள் கேட்டால் வழியும் சொல்வேன்: பத்து 20 லிட்டர் கேன்கள், அறைக்குள் உத்திரம் ஓடும் சுவரை ஒட்டி வரிசையாக. அதே 200 லிட்டர். கட்டிலுக்கு அடியில்கூடத் தள்ளிவிடலாம்.

பித்தளைக்குடம்:
கட்டிலுக்கு அடியிலா! 20 லிட்டர் கேன் நிமிர்ந்து நின்றால் எந்தக் கட்டிலுக்கு அடியிலும் நுழையாது. படுக்கவைத்தால் அந்த அமுக்கு மூடி கசிந்து விடிவதற்குள் பாய் நனைந்துவிடும். திருகு மூடி போட்ட ஐந்து லிட்டர் கேன் என்றால் படுக்கும். வீட்டு வேலை செய்கிறவர்களைக் கேட்டுவிட்டுக் கட்டடம் கட்டியிருந்தால் பால்கனியும் ஒழுங்காக இருந்திருக்கும்.

ஓய்வுபெற்ற பொறியாளர்:
என் வீட்டில் கட்டில் உயரமானது.

அம்பத்தூரான்:
கீசரை எல்லோரும் மறந்துவிட்டோம். அதற்குள்ளேயே 15 லிட்டரோ 25 லிட்டரோ இருக்கிறது. சுவிட்சை அணைத்து, நன்றாக ஆறவிட்டு, உள்ளே வரும் வால்வை மூடி, வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டால் அடித்திருகு வழியாக இறங்கிவிடும். கொதிக்கவைத்து ஆற்றிக் குடிக்கலாம்.

கொசுவிரட்டி:
போர்வெல் தண்ணீர் ஓடும் கீசருக்குள் என்ன இருக்கிறது என்று ஒருமுறை கழற்றிப் பாருங்கள். விரற்கடை கனத்துக்குச் சுண்ணாம்புப் படிவம். அதைக் குடிக்கக் கொடுக்கிறாராம்!

அம்பத்தூரான்:
படிவம் கீசரின் பிரச்சினை. தண்ணீர் தினமும் நீங்கள் குளிக்கிற அதே தண்ணீர்தான்.

கொசுவிரட்டி:
குளிப்பதும் குடிப்பதும் அம்பத்தூரில் ஒன்றுபோலும்.

மாடிக்குடித்தனம்:
எங்களைப் போல வாடகைக்கு இருப்பவர்களுக்கு டிரம்மும் இல்லை, கீசரைக் கழற்றவும் முடியாது. ஆணி அடிக்கவே உரிமையாளரிடம் மனு கொடுக்க வேண்டியிருக்கிறது.

பித்தளைக்குடம்:
மனு கொடுத்தால் என்ன? நானும் வீடு வாடகைக்கு விட்டிருக்கிறேன். குடித்தனக்காரர் டிரம் வைத்துப் பால்கனியில் விரிசல் விட்டால் அதைப் பூசுவது யார்?

மாடிக்குடித்தனம்:
பத்து மாத அட்வான்ஸ் உங்கள் கையில்தானே இருக்கிறது, அதிலிருந்து பூசுங்கள். புதிய வாடகைச் சட்டத்தில் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்று இருப்பது தெரியுமா?

பித்தளைக்குடம்:
ஒப்பந்தத்தில் வேறு விதமாகப் பேசிக்கொண்டால் வாங்கலாம் என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. பாதியைப் படிப்பதில் நீங்களும் வேளச்சேரிக்காரரும் ஒரே பள்ளிக்கூடம்.

வேளச்சேரிவாசி:
நான் எதைப் பாதி படித்தேன்? அட்வான்ஸ் சண்டையில் என்னை ஏன் இழுக்கிறீர்கள்? எப்படியோ, டிரம் வந்து இறங்கிவிட்டது. நாளைக் காலையில் நிரப்பப்போகிறேன்.

ஓய்வுபெற்ற பொறியாளர்:
எந்த மூலையில்?

வேளச்சேரிவாசி:
எனக்குப் பிடித்த மூலையில்.

ஓய்வுபெற்ற பொறியாளர்:
சரி. உங்கள் கீழ்வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்று மட்டும் சொல்லுங்கள். மீதியை அவர்களிடம் பேசிக்கொள்கிறேன்.